திருவாதிரை கழற்றிய சட்டைகள்

ஐந்தாம் வகுப்பில், வானத்திலுள்ள ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வரும்படி ஆசிரியை சொன்னார். வளையம் இருப்பதால் எனக்குச் சனிதான் வேண்டும். “சனியைப் பற்றி இந்த வீட்டில கதைச்சது காணும். நீ திருவாதிரையை எடு” என்றார் எங்களோடு இருந்த சித்தி. அவர் பிறந்த நட்சத்திரம் அது. அந்தப் பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்துக் குளிரில், நோர்வேயில், குரோருட்டில் இருந்த எங்கள் வீட்டுப் பல்கனியில் நின்று அதைக் காட்டினார். எதிர்க் கட்டடத்துக்கு மேலே சிவப்பாக நின்றது. நூலகப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லித் தந்தார். மிகப் பெரிய நட்சத்திரங்களுக்கு ஆயுள் குறைவு. எரிபொருளை அள்ளி எரித்துவிட்டு, ஊதிப் பெருத்துச் சிவந்துபோகும். பிறகு தம் மேல் அடுக்குகளைக் காற்றாகவும் தூசியாகவும் உதறத் தொடங்கும்.

“வெளியில இருந்து வந்தவுடனே ஜக்கெற், சுவெற்றர், கம்பளிச் சட்டை எண்டு ஒவ்வொண்டாக் கழட்டுறமெல்லே, அப்பிடி.”

கடைசியில் வெடிக்குமாம். அதற்கு இன்னும் லட்சம் வருடம்கூட ஆகலாம் என்றும் புத்தகத்தில் இருந்தது. “அது நீளம், விடு” என்றார் சித்தி.

கிழமை முழுவதும் என்னைப் பாடமாக்க வைத்தார். ஆட்களுக்கு முன்னால் சொன்னால்தான் கூச்சம் போகும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குச் சொல்லிக் காட்டு என்றார்.

வந்தவர்கள் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள். திராமன் நகரில் சொந்த வீடுள்ள மாப்பிள்ளையும் அவருடைய தாயும். சாதகம் பொருந்தியாயிற்று, நாள் குறிப்பதுதான் மிச்சம். சித்திக்குப் பேர்கன் நகருக்குப் போய்ப் படிக்க ஆசை. அதைக் கலியாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று அப்பா முடித்துவைத்திருந்தார்.

“திருவாதிரைப் பிள்ளை எண்டதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்” என்றார் மாப்பிள்ளையின் தாய். தேநீர்த் தட்டோடு நின்ற சித்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன். ஊதியது, சிவந்தது, சட்டை சட்டையாகக் கழற்றியது. “இனி அது எந்த நேரமும் வெடிக்கும்!” என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

“வெடிக்குமோ?”

“ஓம் அன்ரி, கட்டாயம்.”

பிறகு திராமனிலிருந்து தொலைபேசி வரவேயில்லை. அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சித்தியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று போர்வைக்குள் விக்கி விக்கி அழுதேன். சித்தி வந்து கட்டிப்பிடித்து, “அழாதை குஞ்சு, நீ வடிவாச் சொன்னனீ” என்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. அவரும் அழுகிறார் என்று நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

ஆவணியில் சித்தி பேர்கனுக்குப் படிக்கப் போனார். எனக்கு வீடு வெறிச்சோடிப்போனது. இன்றும் குளிர்காலத்தில் திருவாதிரையைக் கண்டால் சித்திக்குத்தான் தொலைபேசி எடுக்கிறேன். அது இன்னும் வெடிக்கவில்லை.

வகுப்பில் நான் நோர்வேஜிய மொழியில்தான் பேச வேண்டியிருந்தது. அதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி பாடமாக்கினேன். பிறகு எதற்காகக் கிழமை முழுவதும் தமிழில் பாடமாக்கினோம் என்று சித்தியிடம் கேட்க அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.