மிஸ் என்றால் பக்கத்தில் ஆள்

ஊரடங்கு போட்ட முதல் வாரத்திலேயே நான் தயாராகிவிட்டேன். வியாசர்பாடியில் நாங்கள் பிள்ளைகளுக்காக நடத்திய மாலை மையத்தைப் பூட்டினோம். எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். ராயபுரத்தில் என் அறைச் சுவரில் சார்ட் ஒட்டி, கலர் பேனாவால் வாரம் முழுவதற்கும் விளையாட்டு எழுதினேன். சமூகப்பணி படித்து முடித்த சூடு. ஊரே நின்றாலும் நம் வேலை நிற்காது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்குள்தான் திரிந்தேன்.

முதல் மாலை, "இன்னைக்கு உங்க மனசு என்ன கலர்?" என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி. திரையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். ஒருவரும் கேமரா போடவில்லை.

"கரண்ட்டு போன கலருக்கா," என்றான் ஒருவன்.

"டேய், உன் வூட்ல எப்படா கரண்ட்டு இருந்துகீது?" என்றது இன்னொரு குரல்.

சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு நெட் போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண். பத்தாம் வகுப்பு, குத்துச்சண்டை பழகுகிறவள். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. அம்மா, இரண்டு தம்பிகள், ஒரு அத்தை, அப்புறம் வேலை நின்றுபோய் நாளெல்லாம் வாசலை மறித்துப் படுத்திருந்த அப்பா. துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர். வீட்டில் இருந்த ஒரே போன் அவருடையது. ஆன்லைன் கிளாஸ் என்றால் மட்டும் தருவார்.

ஒருநாள் எப்படி இருக்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். "நல்லா கீறேன் மிஸ். ஹோம்வொர்க் முடிச்சிட்டேன் மிஸ்," என்றாள். நான் எந்த வீட்டுப்பாடமும் கொடுத்ததில்லை. "மிஸ்ஸா? எப்பலேர்ந்து?" என்று சிரித்தேன். துண்டித்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மொட்டை மாடியிலிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் காற்று இரைந்தது. "அக்கா, நல்லா கேட்டுக்கோ. நான் மிஸ்ஸுன்னா நைனா பக்கத்துல கீதுன்னு அர்த்தம். அக்கான்னா தனியா கீறேன். மிஸ்ஸுன்னு கூப்ட்டா ஒண்ணும் நோண்டாத. கணக்கு சொல்லிக்குடு."

அவள் சொல்லி, இரண்டே நாளில் குழு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

"மிஸ் மிஸ் மிஸ் மிஸ்!"

"இன்னாடா ஆச்சு உனுக்கு?"

"எங்க வூட்ல நாலு பேரு கீறாங்க மிஸ்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேறு ஊர்க்காரர்களோடு நடந்த இணையக் கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். கைதட்டும் படங்கள் திரையில் மிதந்தன.

அவளுடைய 'அக்கா' செய்திகள் எல்லாம் மாடியிலிருந்து வரும். அக்கா, டேங்க்கு பக்கத்துல ஷேடோ பாக்ஸிங் போட்டேன், கோச்சு பாத்தா மெர்சலாயிருப்பாரு. அக்கா, பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுக்கட்டா? பிறகு ஒருநாள், மூச்சு வாங்காத குரலில்: "அக்கா, நைனா கம்பெனி கம்பெனின்னு பேசிகினு கீது. எனுக்கு பேஜாரா கீதுக்கா. எப்டியாச்சும் நைனாகிட்ட பேசேன்."

பரீட்சை இல்லாமலே எல்லோரும் பாஸ் என்று அறிவித்திருந்தார்கள். எழுதாத பாஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அப்பாவின் கேள்வி. மணலிப் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனி பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. வண்டி தெருமுனைக்கே வரும்.

அவருக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்து மிஸ் என்றே நினைத்து மரியாதையாகப் பேசினார். நான் மூச்சு விடாமல் அடுக்கினேன்: பீஸ் கிடையாது, சைக்கிள் தருவார்கள், விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ், அதற்கப்புறம் ரயில்வேயில் வேலைகூட. முழுவதும் கேட்டார்.

"நல்லா பேசுற மிஸ்ஸு. ஸ்கூலு தொறந்துட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"எப்ப தொறப்பாங்க?"

"தெரியலீங்க."

"கம்பெனி தொறந்துட்டான் மிஸ்ஸு."

போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையிடம் கெஞ்சி பிளஸ் ஒன்னில் ஓர் இடம் நிறுத்தி வைத்தேன். அம்மாவோ அப்பாவோ வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அட்மிஷனின் கடைசி நாளுக்கு முந்தின மாலை அவளிடம் சொன்னேன். "கண்டிப்பா வரோம் மிஸ்," என்றாள். மிஸ் என்றது காதில் விழுந்தது. விழுந்தும், காலையில் முதல் ஆளாகப் பள்ளி வாசலில் போய் நின்றேன். வருகிற ஒவ்வொரு முகக்கவசத்துக்கும் மேலே கண்ணைத் தேடினேன். மதியம் கடந்து அலுவலக ஜன்னலைச் சாத்தினார்கள். "யாருக்கும்மா வெயிட் பண்றே?" என்று வாட்ச்மேன் கேட்டார். எனக்கு அவள் யார் என்று சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் மாடிச் செய்திகள் நின்றன. மாலைக் கூட்டத்துக்கு எப்போதாவது கம்பெனி வண்டியிலிருந்து, கூட வேலை பார்க்கிறவளின் போனில் வருவாள். "ப்ரெசென்ட் மிஸ்" என்பாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் நான் முக்கோணத்தின் பரப்பளவு சொல்லிக்கொடுப்பேன். கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒருவன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போனான், ஒருவன் மூட்டை தூக்க. கரண்ட்டு ஜோக் அடித்தவனின் நம்பரே உபயோகத்தில் இல்லை என்றது. சார்ட்டின் ஓரம் ஈரத்தில் சுருண்டு விழுந்தது. மறுபடி ஒட்டினேன்.

மழை முடிந்த ஒரு பகலில் அவளே கூப்பிட்டாள். வீடியோவில். முதல் தடவையாக அவள் முகத்தைத் திரையில் பார்த்தேன். இளைத்திருந்தாள். புதுப் போன், கம்பெனிச் சம்பளத்தில் வாங்கியது என்றாள்.

"எப்டிம்மா இருக்கே?"

"நல்லா கீறேன் மிஸ்."

நான் குரலைத் தாழ்த்தினேன். "பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல மிஸ்."

நம்பாமல் பார்த்திருப்பேன் போல. போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். தண்ணீர் டேங்க், கொடியில் ஒரு யூனிபார்ம் சட்டை, திறந்து கிடந்த மாடிக் கதவு, தூரத்தில் பேசின் பிரிட்ஜில் நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டிகள். வேறு யாருமே இல்லை.

அடுத்த வருடமும் அட்மிஷன் போடுவார்கள் என்று ஆரம்பித்தேன்.

"சரி மிஸ்."

தபாலில்கூடப் படிக்கலாம் என்றேன். கோச்சிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

"சரி மிஸ்."

கீழே வண்டி ஹாரன் அடித்தது. கொடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு அவள் படியிறங்குவது, கையில் அணைக்க மறந்த போனில் கொஞ்ச தூரம் தெரிந்தது.