கறுப்புத் திரையில் தட்டிய நான்கு எழுத்து

கட்டுப் பிரித்த அன்று என் வலது கை விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன், கம்பெனி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து பைக்கில் வீடு திரும்பும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய் தப்பித்தது, என் மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்துச் சரி செய்தார்கள். எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டும். செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு ஷிப்டையே பார்த்துக்கொண்ட நான், ஆரணி வீட்டில் அவள் விற்பனைக்குச் சேலை மடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வரும் நண்பர் ஒருநாள் பார்க்க வந்தார். பிசியோதெரபி செய்கிறவர் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லியிருப்பதாகவும், செல்போன் கண்ணாடியைத் தடவுவது பயிற்சியாகவே இல்லை என்றும் அவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே மஞ்சள் பூத்துப்போன ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டும் மெஷினும் ஒரே உடம்பு. டிவியில் சொருகினால் டிவிதான் திரை.

"மாமனார் வெளிநாட்ல இருந்து எடுத்தாந்தது ணா. வந்தவாசி வீட்ல பரண்ல கெடந்துச்சி. கீ எல்லாம் கல்லு மாதிரி இருக்கும், நல்லா அமுக்கலாம்."

கூடவே பழுப்பேறிய கையேடும் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு விரலாக ஊன்றித் தட்டினேன். முதலில் வெறும் எழுத்துத் திரைதான். தமிழ் அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் மனைவியின் பெயரை அடித்துக் காட்டினேன். "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டு மடிப்பு வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, படம் வரையும் திரைக்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். திரை முழுக்கக் கறுத்தது. எதைத் தட்டினாலும் ஒரு எழுத்துகூட வரவில்லை. மற்றவர் கொடுத்த பொருளை ஒரு கையாலாகாதவன் கெடுத்துவிட்டேனே என்று பயந்தேன். நண்பருக்கு போன் செய்தேன்.

"எனக்கு இன்னா ணா தெரியும். இருங்க, வீட்ல கேக்கறேன்" என்றார். போன் கை மாறியது. அதுவரை நான் பேசியிராத அவர் மனைவியின் குரல்.

"முழுத் திரையும் படத்துக்குப் போயிருக்கும் ணா. எழுத இடம் இல்ல, அதான் காட்டல. ஆனா நீங்க அடிக்கறத அது வாங்கிகினுதான் இருக்கு. டி, இ, எக்ஸ், டி அடிச்சிட்டு ரிட்டர்ன்னு போட்ட கீயைத் தட்டுங்க."

"ஒண்ணுமே தெரியலயேம்மா."

"தெரியாட்டி பரவால்ல. நிதானமா அடிங்க."

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை மரத்த விரலால் ஒவ்வொன்றாக அடித்தேன். முதல் தடவை ஏதோ தவறிவிட்டது. "இன்னொரு வாட்டி அடிங்க" என்றார். இரண்டாம் தடவை எழுத்தெல்லாம் திரும்பி வந்தது. என் கண்ணில் நீர் வந்ததை மனைவி பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருந்தாள்.

அன்றே நண்பரின் மனைவி இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். கட்டம் கட்டமாக வண்ணம் வைக்கும் வேறொரு திரை உண்டு. அதில் மேலே படம் இருக்கும், அடியில் நாலு வரி எழுத்துக்கு இடம் விட்டிருக்கும். அடிப்பதைப் பார்த்துக்கொண்டே வரையலாம்.

அதில் குறுக்கிலும் நெடுக்கிலும் கோடு போட்டுப் பழகினேன். பச்சையும் நீலமுமாகக் கட்டங்கள் விழுந்தபோது மனைவி கையிலிருந்த சேலையை வைத்துவிட்டு வந்தாள். அவள் தன் அண்ணன் வீட்டுத் தறிகளில் பட்டு நெய்ய வைத்து விற்கிறாள். கட்டம் போட்ட சேலை என்றால் அவளுக்குக் கண்ணில் வேறு வெளிச்சம்.

"ஏங்க, இது தப்பு. நீலத்து மேல பச்சை போனா பச்சையாவே நிக்குது பாருங்க. துணில அப்படி வராது. நெடுக்க போற பாவும் குறுக்க போற ஊடையும் கலந்து மயில் கழுத்து கலர் அடிக்கும்."

மெஷினுக்குக் கலக்கத் தெரியாது. கடைசியாகப் போட்ட கோடுதான் அதற்குக் கணக்கு. அதனால் கோடுகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் மூன்றாவது நிறத்தில் ஒரு புள்ளி வைத்தேன். இருந்ததே கொஞ்சம் நிறங்கள். மயில் கழுத்துக்கு ஓரளவு பக்கத்தில் வருவதை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பிறகு அதுவே எங்கள் சாயங்கால வேலையாகிவிட்டது. அவள் சொல்வாள், நான் அடிப்பேன். ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும் என்பதால் பிடித்ததைப் போனில் படம் எடுத்துக்கொள்வாள். ஷிப்ட் ஷிப்டாக ஓடிய என் கல்யாண வாழ்க்கையில், இத்தனை நாள் சேர்ந்தாற்போல் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அந்த நாயின் மேல் எனக்கு இப்போது கோபம் கிடையாது.

விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. நான் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு நண்பரையும் அவர் மனைவியையும் சாப்பிட அழைத்தோம். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். நண்பரின் மனைவி உள்ளே வந்ததும் டிவி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பா போனதுக்கு அப்புறம் இது ஓடி நான் பாக்கவே இல்ல" என்றார். சின்ன வயதில் அப்பாவும் அவரும் மாறி மாறித் தட்டுவார்களாம். அம்மா நாடகம் பார்க்க டிவி கேட்டுத் திட்டுவாராம். அன்று போனில் எனக்குச் சொன்ன வார்த்தைகள் அவர் அப்பா அவருக்குச் சொன்னவை என்றார்.

"நீங்க எடுத்துக்கோங்கம்மா. உங்க பொருள்" என்றேன்.

"வேணாம் ணா. எங்க வீட்ல மறுபடி பரணுக்குத்தான் போகும். இங்க ஓடிகினு இருக்கு இல்ல."

சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி ஒரு சேலையைக் கொண்டுவந்தாள். திரையில் வரைந்த கட்டங்களில் ஒன்றை அவள் அண்ணன் நெய்து கொடுத்திருந்தார். நண்பரின் மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு, கோடுகள் சந்திக்கும் இடத்தை விரலால் தடவினார். பிறகு திரையைப் பார்த்தார்.

"கோடு சேர்ற எடத்துக்கு மட்டும் வேற கலர் எப்படி ணா வெச்சீங்க? எங்க அப்பாகூட இப்படிப் போட்டதில்ல."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கும் தெரிகிற மாதிரி, வலது கையாலேயே அடித்துக் காட்டினேன்.