அண்ணன் ஓட்டிய பேருந்தும் என் மகள் காதுகுத்தும்

எங்கள் அண்ணன் நினைவாகப் போடும் இந்த மலரில் நானும் எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. "காதுகுத்து அன்னிக்கு நடந்தது ஒனக்குத்தானே தெரியும், நீ எழுதாட்டி வேற யாரு எழுதுவா" என்று அண்ணி சொன்னதால் எழுதத் துணிந்தேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அண்ணன் பொன்னமராவதிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பிறந்தவர். மானாவாரி நிலத்தில் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். அப்பா சீக்கிரம் தவறிவிட்டார். அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனார். பிறகு லாரி ஓட்டினார், மினி பஸ் ஓட்டினார். என்னை அன்னவாசல் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு வளைகுடா நாட்டுக்குப் போய் அங்கே கம்பெனி பஸ் ஓட்டினார். மினி பஸ் ஓட்டிய நாளில், சந்தைக்குப் போன கிழவிகளை விட்டுவிட்டு வண்டியை எடுக்க மாட்டார் என்று அவருக்கு நல்ல பெயரும் உண்டு, முதலாளியிடம் கெட்ட பெயரும் உண்டு.

அம்மா இறந்தபோது அண்ணனால் வர முடியவில்லை. அங்கே விடுப்பு கிடைக்கவில்லை. சுடுகாடு வரைக்கும் போனில்தான் பார்த்தார். அதைப் பற்றி, ஒரே ஒரு நாளைத் தவிர, அவர் பேசி நான் கேட்டதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், அவ்வளவுதான்.

கடைசி ஒன்றரை ஆண்டு சிறுநீரகக் கோளாறால் அவதிப்பட்டு ஊரோடு வந்துவிட்டார். புதுக்கோட்டை மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், வாரம்தோறும் காரில் அழைத்துப்போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த அண்ணிக்கும், கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அப்பாவோடு இருந்த அண்ணன் மகனுக்கும், காரியங்கள் முடியும்வரை உடனிருந்த பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் நான் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நன்றியைக் கடைசியில் சொல்வதுதான் முறை. கடைசி வரைக்கும் எனக்கு எழுத வருமோ வராதோ என்று இங்கேயே சொல்லிவிட்டேன்.

இனி நான் எழுத வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், "நல்ல மனுசந்தான். ஆனா பந்தாட்டம் பாத்துக்கிட்டு மருமக காதுகுத்துக்கு நேரத்துக்கு வராமப் போயிட்டாரு" என்று பந்தலில் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படித்தான் ஊரில் பேச்சு. என் மகளும் வளர்ந்து அதையே நம்பிவிடக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் அங்கே ஒரு கால்பந்துக் கழகத்துக்குப் பஸ் ஓட்டினார். சின்ன ஊர்க் கழகம். ஆடுகிற பையன்களில் பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அண்ணனுக்குக் கபடி தெரியும், கால்பந்து தெரியாது. பையன்களை மைதானத்தில் இறக்கிவிட்டுப் பஸ்ஸிலேயே படுத்திருப்பார்.

அந்த நாடு முழுவதற்கும் வருடத்துக்கு ஒரு கோப்பைப் போட்டி உண்டு. பெரிய கழகம், சின்னக் கழகம் எல்லாம் ஒரே சீட்டுக் குலுக்கலில் வரும். தோற்றால் அன்றோடு வெளியே. ஜெயித்தால் அடுத்த சுற்று. அண்ணனின் கழகம் ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிடும். அதன்பிறகு பஸ்ஸுக்கு வேலை குறைவு, அண்ணன் கேட்டால் விடுப்பு கிடைக்கும்.

எனக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்தவள் என் மகள். மூன்று வயது முடிவதற்குள், என் வீட்டுக்காரரின் குலதெய்வமான அய்யனார் கோவிலில் முடியிறக்கிக் காது குத்துவதாக வேண்டுதல். காது குத்த வேண்டுமென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர் அண்ணன் ஒருவர்தான். தேதி வைப்பதற்கு முன் போன் போட்டுக் கேட்டேன்.

"தைரியமா வைய்யி ஆத்தா. நம்ம பயலுவ மொத ஆட்டத்துலயே மூட்டையக் கட்டிருவானுவ. அதுக்குப் பெறகு நா சும்மாதான் கெடப்பேன்" என்றார்.

அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். ஒரு பந்தாட்டக் கழகம் தோற்றுப்போகும் என்பதை நம்பிக் காதுகுத்துக்குத் தேதி வைத்தது அந்த வட்டாரத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரர் ஒருவர் பந்தைத் தன் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டார். அண்ணனின் கழகம் ஜெயித்துவிட்டது. "பரவாயில்ல, அடுத்ததுல போயிருவானுவ" என்றார் அண்ணன். அடுத்த ஆட்டத்திலும் போகவில்லை. பத்திரிகை அடித்தோம், கிடாய் பிடித்தோம், அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக வைத்து பிளக்ஸ் அடித்தோம். கால் இறுதியிலும் ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் மாமியார், "ஒங்க அண்ணன் ஆளுக தோத்தாகளா" என்று கேட்பார். இல்லை என்பேன். "அடப் பாவமே" என்பார். ஜெயித்ததற்குத் துக்கம் கேட்டது எங்கள் வீட்டில்தான்.

அரையிறுதி ஆட்டம், காதுகுத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை சாயங்காலம் என்று வந்து நின்றது. அண்ணன் மேலாளரிடம் போய் நின்றிருக்கிறார். தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்ததும் போகலாம், இரண்டு நாளில் திரும்பிவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிரவே திருச்சிக்கு விமானம். பையன்களைக் கழகத்தில் இறக்கிவிட்டு விமான நிலையம் போக நேரம் சரியாக இருந்தது. விடிவதற்குள் திருச்சியில் இறங்கினால் அன்னவாசலுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

அந்தச் சாயங்காலம் வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். என் கொழுந்தனார் போனை டிவியில் இணைத்துவிட்டார். யாருக்கும் அந்த ஆட்டம் தெரியாது, பேசுகிற பாஷையும் தெரியாது. பச்சைச் சட்டை அண்ணனின் ஆட்கள் என்று மட்டும் தெரியும். ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக நின்றது. ஆட்ட நேரம் முடிந்தது. முடிந்துவிட்டதென்று எல்லோரும் எழுந்தோம். கொழுந்தனார், சமமாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் ஆடுவார்கள் என்றார். அண்ணன் விமானம் பிடிக்கிற கணக்கில் அந்த அரை மணி நேரம் இல்லை.

"ரெண்டு பக்கமும் சரிசமம்னா பரிசப் பாதியாப் பிரிச்சுக் குடுத்து அனுப்ப வேண்டியதுதானே. நம்ம ஊருக் கபடில அப்புடித்தான செய்யுறோம்" என்றார் எங்கள் சித்தப்பா.

அந்த அரை மணி நேரம் எங்களுக்குப் பச்சைச் சட்டையும் தெரியவில்லை, வெள்ளைச் சட்டையும் தெரியவில்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் உள்ளே போய்விடாதா என்றிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது வீடே அங்கலாய்த்தது. என் மாமியார் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எவனாச்சும் ஒருத்தன் போட்டுத் தொலைங்கடா, புள்ளைக்குக் காது குத்தணும்" என்றார். ஒருவரும் போடவில்லை. பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் தனியாக நின்று அடித்தார்கள். கடைசிப் பந்தில் பச்சைச் சட்டை ஜெயித்தது. பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். கொழுந்தனார் டிவியிலிருந்து போனைக் கழற்றினார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"ஆத்தா, பயலுவ இன்னும் வெளிய வரல. ஒருத்தன் கால ஒடச்சுக்கிட்டான் போல, வெச்சுக் கட்டிக்கிட்டு இருக்காக. பிளைட்டப் புடிக்க முடியாது."

சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்டேன். அந்தப் பஸ்ஸை ஓட்டுகிற லைசென்ஸ் அங்கே வேறு யாரிடமும் இல்லை. அதை அவர் சொல்லவில்லை, பிறகு தெரிந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நா ஏத்திக்கிட்டு வந்த பயலுவத்தா. நாந்தான கொண்டுபோயி எறக்கணும். நா எப்புடியும் வந்துருவேன். ஆனா நேரத்துக்கு வருவேன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை கோவிலில் முடியிறக்கினோம். பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்குள் நல்ல நேரம். ஆசாரி ஊசியும் தோடும் எடுத்து வைத்துவிட்டார். அண்ணனிடமிருந்து போன் இல்லை. சித்தப்பா மகனும் எனக்கு அண்ணன் முறைதான். அவரைப் புது வேட்டி கட்டி ஜமுக்காளத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். "அவரும் மாமந்தானே, நேரம் போகுது, புள்ளையத் தூக்கி வைய்யி" என்றார் மாமியார். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது.

"எங்க அண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும். அவுக வர்ற வரைக்கும் குத்த வேணாம் அத்தே" என்றேன்.

அவ்வளவு பேருக்கு நடுவில் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பந்தி போடச் சொன்னார். சித்தப்பா மகன் எழுந்துபோய்ச் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டார். காது குத்தாத காதுகுத்துக்குச் சாப்பிட்டுவிட்டுச் சொந்தங்கள் கிளம்பினார்கள். அண்ணன் பந்தாட்டத்துக்காகத் தங்கிவிட்டார் என்ற பேச்சு அவர்களோடுதான் போனது. அதன்பிறகு நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

மத்தியானம் பாதி வழியிலிருந்து அண்ணன் போன் வந்தது. சென்னைக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது. அதே விமானத்தில் வந்த மணமேல்குடிக்காரர் ஒருவர் ஊருக்குக் கார் பிடித்திருக்கிறார். அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மேலே சொன்ன நன்றியில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கார் கோவிலுக்கு வந்தபோது மணி ஐந்து. அண்ணன் பச்சைச் சட்டையோடு இறங்கினார். மாற்றிக்கொள்ள நேரமில்லை. கோவிலில் நாங்களும் மாமியாரும் சித்தப்பாவும் பாத்திரம் கழுவுகிறவர்களும்தான் இருந்தோம். வேறு ஊர்க் காதுகுத்துக்குப் போய்விட்ட ஆசாரியை என் வீட்டுக்காரர் பைக்கில் அழைத்து வந்திருந்தார்.

மாமியார் முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்நேரம் ராகு காலம். ஆறு மணிக்கு மேல் என்றால் விளக்கு வைத்துவிடுவார்கள், விளக்கு வைத்த பிறகு ஊசி எடுக்கக் கூடாது.

"ராகு காலத்துல குத்துனா காது சீப்புடிச்சுப் போகும், புள்ளைக்குக் காச்சல் வரும். வந்தா ஒங்க மாமந்தான் பதில் சொல்லணும்" என்று பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் அவருக்கு முன்னால் போய் நின்றார். "தப்பு எம்மேலதான் அத்தே. நீங்க வேணாமுனா நா புள்ளையப் பாத்துட்டுப் போயிர்றேன். ஆனா எங்க ஆத்தா செத்ததுக்கும் நா வரல. இதுக்கும் வந்தும் வராத மாதிரி ஆக்கிறாதீக" என்றார். அண்ணன் அம்மா சாவைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மாமியார் ஜமுக்காளத்தை அவரே எடுத்து விரித்தார். "கையக் காலக் கழுவிட்டு வந்து உக்காருங்க" என்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். பிள்ளை பிறந்த பிறகு அவர் ஊருக்கு வந்ததில்லை, அவளுக்குப் போனில்தான் பழக்கம். மடியில் வைத்ததும் சட்டையில் இருந்த படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அழுது மாமன் கையைக் கடித்துவிட்டாள். அண்ணன் கையை இழுக்காமல் அடுத்த காது குத்தும்வரை அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தில் அந்தக் கழகம் தோற்றது. அண்ணன் திரும்பிப்போய், அன்றைக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அறிந்த வரையில் நடந்தது இதுதான்.

காதுகுத்துக்கு மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை. காதும் வீங்கவில்லை. அண்ணன் மத்தியானம் வரைக்கும் தூங்கினார். சாயங்காலம் திருச்சிக்குப் பஸ் ஏறினார்.