கடைசிச் சுற்றுத் தூக்கம்

என் மனைவி செத்த பிறகும் என்னைத் திட்டுவதை நிறுத்தவில்லை. விடிகாலைக் கனவில் வந்து, கேஸ் புக் பண்ணினேனா, மாடித் தொட்டியை மூடினேனா என்று கேட்பாள். நானும் பதிலுக்குக் கத்துவேன். அவள் செத்தவள் என்பது கனவுக்குள் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. விழித்த பிறகுதான் தெரியும். மற்றவர்களுக்கு மனைவி ஒரு தடவைதான் சாவாள். எனக்குத் தினமும் காலையில் செத்தாள். இருந்தாலும் அந்தச் சண்டைக்காகத்தான் நான் படுக்கவே போனேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பேச வேறு ஆளும் கிடையாது.

அக்கா இருந்தாள், அவளை ஆள் என்று சொல்வதானால். பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு எங்கள் கிழக்கேகோட்டை வீட்டுக்கு வந்தவள் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகவேயில்லை. தூக்கத்தில் நான் புலம்புவது அடுத்த அறையில் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“செத்தவா சொப்பனத்துல வந்தா, பசியோட அலையறான்னாக்கும் அர்த்தம்,” என்றாள்.

எங்கள் வீடுகளில் இதற்கு மறுபேச்சு கிடையாது. திருவல்லம் ஆற்றங்கரைக்கு இழுத்துப்போய், ஈரவேட்டியோடு உட்காரவைத்து, எள்ளும் சோறுமாகப் பிண்டம் வைக்கச் சொன்னாள். காக்கை வந்து தின்றது. அக்காவுக்கு ஏகத் திருப்தி. மறுநாள் விடிகாலை என் மனைவி வழக்கம்போல வந்து, “ஈரவேட்டிய ஏன் சுருட்டி மூலைல போட்டேள்?” என்று ஆரம்பித்தாள்.

அதன்பிறகு அக்கா என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நல்ல மனிதர், வினையே அங்கேதான். ஒரு தாளில் படிக்கட்டு மாதிரி வரைந்து பொறுமையாக விளக்கினார். தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை, சுற்றுச் சுற்றாகப் போகும். முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம்தான் அதிகம். அப்போது கனவு வந்தாலும் பெரும்பாலும் நினைவில் நிற்காது. விடியப்போகும் நேரத்துச் சுற்றுகளில்தான் மூடிய இமைக்குள் கண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பு கட்டிப்போட்டதுபோல் கிடக்கும், நீளமான கனவுகள் வரும். யாரும் எங்கேயும் அலையவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதலாகச் சொல்லி அனுப்பினார்.

அக்காவின் காதில் ஆறுதல் ஏறவில்லை. நேரம் மட்டும் ஏறியது. மறுநாள் இருட்டோடு விளக்கைப் போட்டு என் முகத்தில் ஈரத்துண்டை வீசினாள்.

“எழுந்துருடா! அவ வர்ற நேரம் ஆச்சு.”

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. கதவைத் தாழ்ப்பாள் போட்டால் தெருவே எழுந்திருக்கும்படி தட்டுவாள். குளிக்கவைத்துக் கோவிலுக்குத் துரத்துவாள். சந்நிதியில் கைகூப்பி நின்று நான் அக்காவைச் சபித்தேன். கழக்கூட்டத்தில் ஆபீஸ், போகிற பஸ்ஸில் கண்ணை மூடிப் பார்த்தேன். வந்தது கழுத்துவலிதான். தூக்கம் கெட்ட எரிச்சலில் ஆபீஸில் ஒரு சின்னப் பெண்ணை எல்லார் முன்னாலும் அழவைத்தேன். அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது, என் வலி வேறொருவரிடம் போனமாதிரி.

என் மனைவி வருவது நின்றது.

“பாத்தயா? போயாச்சு. அவளுக்கும் சமாதானம், நமக்கும் சமாதானம், கேட்டயா,” என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிண்டம் பலித்துவிட்டதாம். ஆனாலும் திரும்பி வந்துவிடுவாளோ என்ற பயத்தில் என்னை இருட்டோடு எழுப்புவதை மட்டும் விடவில்லை. அவளுடைய கழுத்தை நெரித்தால் என்ன என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். கையில் பைகூட இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த நாகர்கோவில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பகலுக்கு மட்டுந்தானா சாரே? ஆளு பொறவு வருமா?”

“பெண்டாட்டி வருவா,” என்றேன்.

அவர் சிரித்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்போல.

அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தேன். தடுத்துவைத்த கனவு, விட்டால் முட்டிமோதிக்கொண்டு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியே வந்தது. எங்கள் சமையலறை. மணிக்கட்டு வரை தோசைமாவோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க போயிருந்தேள் இத்தனை நாளா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கென்ன?”

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஆனால் பகல் தூக்கம் மெல்லிசு. லாட்ஜின் மின்விசிறி கடகடப்பது கனவுக்குள்ளேயே கேட்டது. அப்படிப்பட்ட தூக்கத்தில் சிலருக்கு, காண்பது கனவு என்பதும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்: பால்காரன், கரண்ட் பில், என் மறதி. சண்டையில் ஜெயிக்க எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது.

“நீ செத்துப்போயிட்டடீ,” என்றேன்.

அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

“அப்படியா?” என்றாள். “எங்கிட்ட ஆரும் சொல்லலையே.”

என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மாவை நாலு விரலாலும் வழித்துப் பாத்திரத்தில் போட்டு, குழாயில் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டாள். வேறொருத்தர் வீட்டுச் சமையலறையில் தெரியாமல் நின்றுவிட்டவள்போல, என்னைத் தொடாமல் ஒதுங்கி வெளியே போனாள்.

அக்காவுக்கு அந்தப் பயம் விட்டுப்போனது, இப்போது என்னை எழுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணி வரை தூங்குகிறேன். பஸ் வருகிறது, ஆபீஸ் வருகிறது, எப்போதோ எழுதிய கணக்குப் பரீட்சைகூடக் கனவில் வருகிறது. அவள் வருவதில்லை.