காற்று தள்ளும் தண்ணீர்

ஒன்பதாம் வகுப்புக்குக் காற்றழுத்தம் நடத்திய அன்று எனக்கு அவசரம். பரீட்சைக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும். கிணற்றுத் தண்ணீரை வெளிக்காற்று அழுத்துவதால்தான் அது குழாயில் ஏறுகிறது என்று தொடங்கினேன். பிள்ளைகள் விழித்தார்கள். "மோட்டார் தண்ணியை உறிஞ்சி இழுக்குது, அம்புட்டுத்தான்" என்று சுருக்கிவிட்டேன். எல்லா முகமும் தெளிந்தது.

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் வந்து படிக்கும் ஒரு பெண் மட்டும் எழுந்தாள். "எம்புட்டு ஆழத்துல கெடந்தாலும் இழுக்குமா டீச்சர்?"

"பெரிய மோட்டார் போட்டா இழுக்கும். உக்காரு."

சொல்லும்போதே தப்பென்று தெரியும். கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் சுமார் இருபத்தைந்து அடிக்குக் கீழே போன தண்ணீரை எடுக்காது. காற்று தள்ளுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை விளக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். விட்டுவிட்டேன்.

பங்குனியில் அவள் நான்கு நாள் வரவில்லை. வந்தவள் ஆசிரியர் அறை வாசலில் நின்று, "பெரிய மோட்டாரும் இழுக்கலை டீச்சர்" என்றாள்.

அவளுடைய அப்பா மில் வேலையை விட்டுவிட்டுக் குத்தகை நிலத்தில் வாழை போட்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் இறங்கியதும், பழைய மோட்டாரையே உள்ளே இறக்கி வைக்கச் சொன்னாராம் மெக்கானிக். இவள் நான் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். அப்பா மகளை நம்பிப் பெரிய மோட்டார் வாங்கி மேட்டிலேயே வைத்தார்; தண்ணீர் ஏறவில்லை. குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் பாதி வாழை சாய்ந்துவிட்டது.

சனிக்கிழமை, நான் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். அதற்குள் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தார்கள். தெரிந்தேதான் தப்பாகச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"விடுங்க டீச்சர். மெக்கானிக் பேச்சைக் கேக்காதது என் தப்பு. பிள்ளைய வைஞ்சிட்டேன். அவ நாலு நாளா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலை. அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அவள் வாய்க்காலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினேன். இரண்டு பீரியட் ஆனது. அன்று நான் சொன்னது தப்பென்று வகுப்பிடம் சொன்னேன்; பாடம் பாதிப் பேருக்குப் புரியவில்லை.

முடிந்ததும் அவள் எழுந்தாள். "இது நெசமா டீச்சர், இல்ல எங்களுக்குப் புரியணும்னு சொல்லுதியளா?"

"நெசம்தான்."

"எங்க கெணத்துல தண்ணி எத்தனை அடியில கெடக்குன்னு கயிறு விட்டு அளந்து பாத்துட்டு எழுதிக்கிடுதேன்" என்று நோட்டை மூடினாள்.

சரி என்றேன்.