நிமிர்ந்துபோன பைன் மர ஷில்லிங்

அமெரிக்காவின் இப்ஸ்விச் ஊரில் வீடுகளின் கணப்புக்கு எண்ணெய் ஊற்றும் லாரியை ஓட்டியவர் ஆல்டன் டார்பாக்ஸ். காலனி காலத்து நாணயங்கள் என்றால் அவருக்குப் பித்து. ஆனால் நாணயக் கழகத்து நண்பர்கள் அலைந்து தேடும் பளிச்சென்ற காசுகள் அவருக்கு வேண்டாம். ஓட்டை போட்டது, ஓரம் வெட்டுப்பட்டது, பல் பதிந்தது, இப்படிப்பட்டவைதான் வேண்டும்.

"ஓட்டை இருந்தா எவளோ ஒருத்தி கழுத்துல தொங்கியிருக்கு. மத்ததெல்லாம் பெட்டிக்குள்ள தூங்கினது. அதுகிட்ட என்ன பேச்சு?" என்பார்.

அவற்றில் அவர் உயிராக வைத்திருந்தது ஒரு பைன் மர ஷில்லிங். மாசசூசெட்ஸில் குடியேறியவர்கள் தாங்களே அடித்துக்கொண்ட வெள்ளிக்காசு. ராஜாவின் தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மரம். அவருடையதன் கீழ் ஓரத்தை யாரோ மரத்தின் அடிப்பகுதியை மூடும்படி மடித்து வளைத்திருந்தார்கள். சூனியக்காரிகள் அண்டாமலிருக்க அந்தக் காலத்தில் காசை வளைத்து உடம்போடு வைத்துக்கொள்வார்களாம். பயந்துபோன ஒரு மனுஷரின் விரல்கள் செய்த வளைவு என்பதாலேயே அதை அடிக்கடி கையிலெடுத்துப் பார்ப்பார்.

ஒரு குளிர்காலத்தில் அவர் மனைவி கொரினின் அண்ணன் வெண்டல் வந்து தங்கினார். நகை வேலைக்காரர். மனைவி பிரிந்துபோனபின் பட்டறையையும் மூடிவிட்டு வந்திருந்தார். அவருக்கும் ஆல்டனுக்கும் என்றுமே ஒட்டியதில்லை. பேஸ்பாலை விட்டால் பேச விஷயம் கிடையாது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று வெண்டலுக்கு உறுத்தல். மேசை இழுப்பறையில் அந்தக் காசு அவர் கண்ணில் பட்டது.

ஆல்டனின் பிறந்தநாள் காலையில் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார் வெண்டல். உள்ளே ஷில்லிங். தட்டையாக, தகடுபோல.

"லேசா சூடு காட்டி, மரச் சுத்தியால தட்டினேன். ஒரு விரிசல் விழலை, பாரு!"

ஆல்டன் காசை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்ல கைப்பா உனக்கு" என்றவர், கோட்டை மாட்டிக்கொண்டு போய் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி நகரவில்லை. கொரின் வந்து தட்டியதும் கண்ணாடியை இறக்கினார்.

"பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க. என்னாச்சு?"

"அந்தக் காசுல எனக்குப் புடிச்சதே அந்த வளைவுதான், கொரின். உன் அண்ணன் அதை இல்லாம பண்ணிட்டான்."

"போய் அவன்கிட்டயே சொல்லேன்."

"எதுக்கு? இந்த வருஷம் அவன் சிரிச்சுக்கிட்டே செஞ்ச ஒரே காரியம் இது."

அதற்குள் வாசலில் பனி அள்ள வந்திருந்த வெண்டலின் காதில் அது விழுந்துவிட்டது. சாயங்காலம் ஆல்டனிடம் வந்து நின்றார்.

"திரும்ப வளைச்சுத் தரட்டுமா?"

"வேணாம். அது நீ வளைச்சதாத்தான் இருக்கும்."

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஆல்டன் விளக்கை இழுத்துப் பூதக்கண்ணாடியைக் காசின்மேல் பிடித்தார். சட்டென்று முன்னால் சாய்ந்தார்.

"இங்க வா. மடிப்புக்குள்ள இருந்த இடத்தைப் பாரு."

மரத்தின் மேற்பகுதி எத்தனையோ கைகள் பட்டு மழுங்கியிருந்தது. மடிப்புக்குள் ஒளிந்திருந்த அடிக்கிளைகளும் வேரும் மட்டும் நேற்று அடித்ததுபோலக் கூர்மையாக இருந்தன. ஆல்டனே பார்த்திராத இடம். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பின்பக்கம் 1652ன்னு போட்டிருக்கே, அப்ப அடிச்சதா?" என்றார் வெண்டல்.

"முப்பது வருஷம் அடிச்சாங்க, எப்ப அடிச்சாலும் அதையேதான் போட்டாங்க. அந்த வருஷம் இங்கிலாந்துல ராஜாவே கிடையாது, தலையை வெட்டியாச்சு. பின்னாடி புது ராஜா வந்து, 'யாரைக் கேட்டு அடிச்சீங்க?'ன்னா, 'எல்லாம் பழைய காசுங்கய்யா'ன்னு சொல்லிக்கலாமில்ல? அதுக்குத்தான்னு சொல்வாங்க."

"முப்பது வருஷமா ஒரே பொய்யா!" வெண்டல் வாய்விட்டுச் சிரித்தார். சமையலறையிலிருந்து கொரின் எட்டிப் பார்த்தாள்.

வளைவு போன வருத்தம் ஆல்டனுக்குக் கடைசிவரை தீரவில்லை. ஆனாலும் அடுத்த மாதக் கழகக் கூட்டத்துக்கு மைத்துனரையும் கூட்டிப்போனார். ஷில்லிங்கைப் பார்த்த ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்த மடையன்யா இதைத் தட்டி நிமிர்த்தினது?"

"என் மச்சான்," என்றார் ஆல்டன். "அதோ, உனக்கும் சேர்த்துக் காபி எடுத்துட்டு வர்றான். வாயை மூடு."