நூற்றெண்பது நட்டுகள்

ஸ்பேனர் என்றால்தான் அவனைத் தெருவில் தெரியும். எந்த பைக் மக்கர் செய்தாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். குடித்துவிட்டால் மட்டும் சொந்த வீட்டுக் கதவு எதுவென்று தெரியாது. அப்படிப் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துவைத்த மறுநாள், மார்ச் ஒன்றாம் தேதி, மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

“ஆறு மாசம் தொடாம இருந்து காட்டுங்க. அப்புறம் வந்து கூப்பிடுங்க,” என்றாள். அவள் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

ஆறு மாதம் என்பது மலைப்பாக இருந்தது. எஞ்சினைப் பிரிப்பது போல அதையும் பிரித்துப் போட்டான். மாதத்துக்கு முப்பது நாள், மொத்தம் நூற்றெண்பது. ஒரு நாளை எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. குடிக்காத நாள் முடிந்து படுக்கப் போகும்போது ஒரு பழைய நட்டை டப்பாவில் போடுவான். முப்பது சேர்ந்ததும் கம்பியில் கோத்துப் பட்டறை ஆணியில் மாட்டுவான். முதல் கம்பி நிறைவதற்குள் கைநடுக்கம் உயிரை வாங்கிவிட்டது.

மூன்றாவது கம்பியைப் பார்த்த பஞ்சர் கடைக்காரன், “கால் வருஷம் ஆச்சேப்பா. இதுக்காவது ஆளுக்கு ஒண்ணு போடலாம்,” என்றான்.

“நீ வாயை மூடிக்கிட்டு டியூபைப் பாரு.”

ஆறு கம்பியும் நிறைந்த மறுநாள் காலை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றான். மனைவி கம்பிகளை வாங்கி எண்ணினாள்.

“நூத்தியெம்பது சரிதான். ஆனா இன்னைக்கு ஆகஸ்ட் இருபத்தெட்டுதானே?”

“ஆறு முப்பது நூத்தியெம்பது. வேற என்ன கணக்கு?”

“எல்லா மாசமும் முப்பதா? மார்ச், மே, ஜூலை, ஆகஸ்ட் நாலும் முப்பத்தொண்ணு. இன்னும் நாலு நாள் இருக்கு.” கதவைச் சாத்திவிட்டாள்.

சுள்ளென்று கோபம் ஏறியது. அரை வருடம் நாக்கைக் கட்டியவனை நாலு நாளுக்காகத் திருப்பி அனுப்புவாளா? முன்பெல்லாம் இதில் பாதிக் கோபம் போதும், கால் தானாகச் சாராயக்கடைக்குப் போய்விடும். மச்சான் வீட்டுத் தெருமுனையில் இடப்பக்கம் அந்தக் கடை, வலப்பக்கம் பட்டறை. நின்றான். நாக்கு ஊறியது, கண்ணும் கலங்கியது. பிறகு தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வலப்பக்கம் திரும்பினான். அந்த நாலு நாளில் ஒவ்வொன்றும் ஒரு மாதமாக நீண்டது.

செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை, சட்டைப்பையில் நாலு நட்டோடு போனான். கதவு திறந்தே இருந்தது. வாசலில் பெட்டி, அதன்மேல் மகள், பக்கத்தில் மனைவி.

“இப்பத்தான் கட்டினியா?”

“நீங்க வந்த அன்னைக்கே கட்டிட்டேன். கோவம் வந்தா எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு எனக்குத் தெரியணும்ல. ஜன்னல்ல நின்னு தெருமுனையைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.” நட்டுகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். “நாலுதான் இருக்கு. இன்னைக்குள்ளது எங்க?”

“இன்னைக்குப் பொழுது இன்னும் போகலையே,” என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.